பனிக்கடலுக்கு ஒரு கொல்கத்தாக் கப்பல்

கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் அமைந்துள்ள கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் 1884-இல் ஒரு பட்டறையாகத் தோன்றி, 1960-இல் மத்திய அரசின் உடைமையாயிற்று. விடுதலைக்குப் பின் நம் நாட்டில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான 'அஜய்' இங்கு உருவானதே. கடலோரக் காவல் படைக்கும் இந்நிறுவனம் பல ரோந்துக் கப்பல்களைக் கட்டித் தந்துள்ளது. 2020-இல் பணியில் சேர்ந்த 'கனகலதா பருவா' அவற்றுள் ஒன்று.

2025 ஜூன் 3 அன்று ஆஸ்லோ நகரில், நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்துடன் கார்டன் ரீச் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தியாவின் முதல் துருவ ஆராய்ச்சிக் கப்பலை வடிவமைத்துக் கட்டுவதே இதன் நோக்கம்.

ரோந்துக் கப்பலுக்கு வேகமே உயிர். 'கனகலதா பருவா' சுமார் 308 டன் எடையும், மணிக்கு 34 கடல் மைல் வேகமும் கொண்டது. துருவக் கப்பலின் இலக்கணமோ வேறு. அதன் முன்பகுதி சரிவாக அமைக்கப்படுவதால், கப்பல் பனிப்பாளத்தின் மீது ஏறித் தன் எடையாலேயே அதை நொறுக்குகிறது. கடுங்குளிரில் சாதாரண எஃகு எளிதில் விரிசல் காணும். எனவே தனிவகை எஃகும், நெருக்கமான சட்டங்களும் தேவைப்படுகின்றன. மேல்தளத்தில் உறையும் கடல்நீர்த் துளிகள் கப்பலின் சமநிலையைக் குலைக்கக்கூடும். 2017-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் துருவக் கப்பல் விதிகள் இவ்வாபத்துகளைக் கருத்திற்கொண்டவை.

1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் அண்டார்க்டிகா பயணக்குழு நார்வேயின் வாடகைக் கப்பலிலேயே சென்றது. அதன் பின்னரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாடகைக் கப்பல்களையே நம்ப வேண்டியிருந்தது. வாடகைக் கப்பலின் காலக்கெடு, சரக்கை இறக்குவதற்கே பெரிதும் செலவாகிவிடும். கடலில் நிலைத்து நின்று ஆராய வாய்ப்புக் குறைவு. வடதுருவத்திலும் இக்குறை உண்டு. ஸ்வால்பார்டு தீவில் 2008-இல் நிறுவப்பட்ட 'ஹிமாத்ரி' நிலையம் தரையில் உள்ளது. ஆனால் உருகிவரும் ஆர்க்டிக் பனிக்கும் நமது பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறியக் கடலின் அளவீடுகளும் இன்றியமையாதவை.

ஒப்பந்தம் என்பது கப்பலாகிவிடாது. எனினும் அன்று வாடகைக்குக் கப்பல் தந்த நாட்டுடன் இன்று வடிவமைப்பில் பங்குகொள்வது ஒரு முன்னேற்றமே. இக்கலையை நமது பொறியாளர்கள் முழுமையாகக் கற்றுக்கொள்வதே இம்முயற்சியின் உண்மையான பயனாகும்.