ஓநாய்ப் பிள்ளையும் மணிமேகலையும்

உங்கள் வீட்டில் பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பெண் இருக்கிறாளா? அவளுடைய தலையணைக்கு அடியில் கொஞ்சம் தேடிப் பாருங்கள். தடித்த ஆங்கில நாவல் ஒன்று அகப்பட்டாலும் அகப்படலாம். உடனே புருவத்தை நெரிக்க வேண்டாம். அதில் ஒரு பையன் வருவான். கோபம் வந்தால் ஓநாயாக மாறிவிடுவான். அவ்வளவுதான் விஷயம்!

இந்த ரகக் கதைகளில் பெரும் பெயர் வாங்கியது ‘ட்வைலைட்’ வரிசை. அமெரிக்காவில் ஸ்டெபனி மேயர் என்ற பெண்மணி எழுதியது. முதல் புத்தகம் 2005-ல் வந்தது, நாலாவது 2008-ல். கதாநாயகி பெல்லாவை இரண்டு பேர் விரும்புகிறார்கள். எட்வர்ட் இரத்தம் குடிக்கும் இனத்தவன். ஜேக்கப் ஓநாய்ப் பிள்ளை. படித்த பெண்கள் எட்வர்ட் கட்சி, ஜேக்கப் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, சட்டையில் கட்சிப் பெயரை அச்சடித்துப் போட்டுக்கொண்டு வாதாடினார்கள். நம் ஊர்த் தேர்தல் தோற்றது போங்கள்!

திண்டுக்கல்லில் இதைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்று தெரிந்த வீடுகளில் விசாரித்தேன். நாகல்நகரில் ஒரு வீடு. மகள் கல்லூரியில் படிக்கிறாள். நாலு புத்தகத்தையும் முடித்தவள். எந்தக் கட்சி என்று கேட்டேன். “இரண்டும் இல்லை, மாமி. நான் லியா கட்சி” என்றாள்.

யார் இந்த லியா என்கிறீர்களா? ஓநாயாக மாறும் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். அவளை நேசித்த சாம் என்பவன், ஓநாய்க் குலத்து விதிப்படி அவளுடைய உறவுக்காரி எமிலியிடம் மனம் கட்டுண்டு போய்விடுகிறான். லியாவும் அதே கூட்டத்தில் சேர்ந்து ஓட வேண்டியிருக்கிறது. ஓநாயான பிறகு ஒருவர் நினைப்பது மற்றவர்களுக்கெல்லாம் கேட்கும். கைவிட்டவனுடைய மனத்திலிருப்பதை இவள் தினம் கேட்க வேண்டும். இவளுடைய துக்கம் ஊருக்கே கேட்க வேண்டும். “அவளுக்கல்லவா ஒரு புத்தகம் எழுதியிருக்க வேண்டும்?” என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

தாயார் மகளுக்குத் தெரியாமல் இரண்டு புத்தகம் படித்திருக்கிறார்! அவருக்கு எமிலியைப் பற்றித்தான் கவலை. சாம் ஒரு கணம் கோபத்தில் ஓநாயாகிவிட, அருகில் நின்ற எமிலியின் முகம் கிழிந்து, தழும்பு நிலைத்துவிடுகிறது. அவளோ அவனுக்கே சிரித்துக்கொண்டு சமைத்துப் போடுகிறாள். “கோபம் வந்தால் மிருகமாகிற ஆண்பிள்ளையைப் பொறுத்துப் போவதுதான் காதல் என்று பெண் குழந்தைகள் நினைத்துக்கொண்டால் என்ன செய்வது?” என்றார் அந்த அம்மாள். குரலில் விளையாட்டு இல்லை. அடுப்படியில் நின்றிருந்த மகள் பதில் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதையில் வரும் க்விலியூட் மக்கள் கற்பனை அல்ல. வாஷிங்டன் மாகாணத்தில், பசிபிக் கடலோரத்தில் லா புஷ் என்ற சிற்றூரில் வாழும் பழங்குடியினர். ஓநாய்களை மனிதராக மாற்றி எங்கள் குலம் உண்டாயிற்று என்பது அவர்களுடைய பழங்கதை. இரத்தம் குடிப்பவர்களோடு சண்டையெல்லாம் அதில் கிடையாது. உண்மையான ஓநாய்க் கதையைச் சொல்வதற்காக 2010-ல் சியாட்டில் கலைக் கூடத்தில் அவர்களுடைய கலைப் பொருள்களை வைத்துக் கண்காட்சி நடந்தது.

அந்த வீட்டுப் பாட்டிக்கு இதெல்லாம் ஆச்சரியமாகவே இல்லை. “நம்ம தாடிக்கொம்புக்குப் போனால் மண்டூக மகரிஷி இல்லையா?” என்று ஒரே போடாகப் போட்டார்! துர்வாசரைக் கவனிக்காததால் தவளையான முனிவர் அவர். அழகர் வைகைக்கு வரும் சித்திரைத் திருவிழாவில் தேனூர் மண்டபத்தில் அவருக்கு மோட்சம் கொடுக்கும் வைபவம் இன்றைக்கும் நடக்கிறது. திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தலபுராணத்திலும் அவர் உண்டு.

ஆனால் சாபத்தால் தவளையாவது வேறு. வேண்டுமென்றே உருவம் மாறுவது வேறு அல்லவா? அதைச் செய்தவள் நம் மணிமேகலை. எழுதியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். அதாவது தானிய வியாபாரி. உ. வே. சாமிநாதையர் அதை அச்சில் கொண்டுவந்தது 1898-ல். பள்ளிக்கூடத்தில் அமுதசுரபியைப் பற்றி மட்டும் சொல்லிக் கொடுத்து, சுவாரசியமான பகுதியை நமக்குச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள்!

மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது. ஆகாயத்தில் செல்ல ஒன்று. பசியைப் போக்க ஒன்று. வேற்றுருக் கொள்ள ஒன்று. அரசகுமாரன் உதயகுமாரன் அவளை விடாமல் துரத்துகிறான். அவள் கோயிலுக்குள் நுழைந்து காயசண்டிகை என்ற வேறொரு பெண்ணின் உருவத்தோடு வெளியே வருகிறாள். அந்த உருவத்திலேயே சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளின் பசியைத் தீர்க்கிறாள்.

வினை அங்கேதான் பிடிக்கிறது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வருகிறான். தன் மனைவி அரசகுமாரனோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து, இரவில் வாளை வீசிவிடுகிறான். உதயகுமாரன் மாண்டுபோகிறான். மணிமேகலை பதறி அழுகிறாள். முற்பிறவியில் அவனே அவளுக்குக் கணவன்.

நாகல்நகர் வீட்டில் இந்த இடத்தில் பெரிய வாக்குவாதம் வந்துவிட்டது. துரத்தியவன் மேல்தான் தப்பு என்றார் தாயார். கேட்காமல் கையை ஓங்கியவன் மேல் என்றார் பாட்டி. மகனை இழந்த அரசி இராசமாதேவி, மணிமேகலையைச் சிறையிலிருந்து விடுவித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மானத்தைக் கெடுக்க ஒரு முரடனை ஏவுகிறாள். மணிமேகலை ஆணுருக் கொண்டு நிற்கிறாள்; வந்தவன் பயந்து ஓடுகிறான். பிறகு வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் பாடம் கேட்கப் போகும்போதும் ஆண் துறவி வேஷம்தான். பெண்ணாகவே போயிருந்தால் அந்தப் பெரியவர்கள் எவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பார்களோ!

மகளுடைய கட்சி இப்போதும் வேறாகவே இருந்தது. அவள் கேட்டது காயசண்டிகையைப் பற்றி. பன்னிரண்டு வருஷம் தீராத பசியோடு அலைந்தவள் அவள். மணிமேகலை கையால் சாப்பிட்டுக் குணமாகி, கணவனிடம் போகிறோம் என்ற ஆசையோடு வானத்தில் பறந்தாள். வழியில் விந்திய மலைக்கு மேலே போகக் கூடாது என்பது தெரியாது. அந்த மலையைக் காக்கும் விந்தாகடிகை அவளுடைய நிழலைப் பற்றி இழுத்து வயிற்றில் அடக்கிவிட்டாள். அவளைத் தேடித்தான் காஞ்சனன் வாளோடு புகாருக்கு வந்தான். அவள் முகத்தோடு அங்கே நின்றவளோ வேறொருத்தி.