விவாகரத்து வழக்கும் சொத்துறவும்
மாவட்ட நீதிமன்ற நடைமுறை குறித்துச் சில சிந்தனைகள்

சிலப்பதிகாரத்திலே கண்ணகி பாண்டியன் அவையிலே வழக்குரைத்தது சிலம்பு பற்றியேயாம். கோவலன் தன்னை நீங்கி மாதவியிடத்துத் தங்கிய காலத்திலே அவள் எந்த அவையையும் நாடவில்லை. பொருளுடைமை பற்றிய பிணக்கு அரசனது நியாயத்துக்கு உரியதாகவும், கைவிடப்பட்ட மனைவியின் நிலை அவளது கற்பொழுக்கத்துக்கு உரியதாகவும் கொள்ளப்பட்ட சமுதாயத்தின் காவியம் அது. இன்று கைவிடப்பட்ட பெண்ணுக்கு நீதிமன்றம் உண்டு. ஆயின், அங்கு அவள் எவற்றைக் கேட்கலாம், எவற்றைக் கேட்கவியலாது, எவ்வாறு கேட்க வேண்டும் என்பனவற்றை நமது ஆய்வுலகம் அதிகம் பொருட்படுத்தியதில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி மாவட்ட நீதிமன்றத்திலே தொடுக்கக்கூடிய விவாகரத்து வழக்கின் படிமுறைகளை விளக்கி, அவற்றினூடே தொழிற்படும் சொத்துறவுகளை இனங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒரு நாடு, பல சட்டங்கள்

இலங்கையிலே விவாகத்தை நீக்கும் சட்டம் ஒன்றன்று. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றங்களும் உள. கண்டியச் சட்டத்தின்கீழ் விவாகஞ் செய்தோர்க்கு 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் உண்டு; அவர்கள் நீதிமன்றம் செல்லாது மாவட்டப் பதிவாளரிடமே விண்ணப்பிக்கலாம்; பரஸ்பர சம்மதமும் அங்கு ஒரு காரணமாகும். எனினும் அச்சட்டமும் சமத்துவமானதன்று. மனைவியின் சோரம் தன்னளவிலே போதிய காரணமாயிருக்க, கணவனது சோரம் தகா உறவுடனோ கொடுமையுடனோ சேர்ந்திருந்தால் மாத்திரமே காரணமாகும்.

தமிழர்க்கும் ஏனையோர்க்கும் பொதுவானது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். இதற்கு அடியாதாரமாக உள்ளது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம். வழக்கு நடத்தும் முறையை 1889ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வகுக்கின்றது. வடபுலத் தமிழரைப் பொறுத்தவரையிலே இவற்றோடு தேசவழமையும் வந்து சேர்கின்றது. ஆக, யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தியின் விவாகத்தை அவிழ்ப்பது ஒரு சட்டம். அவளது காணியைக் கட்டிவைத்திருப்பது பிறிதொரு சட்டம். இவ்விரட்டை நிலையே நமது பொருளுக்குத் திறவுகோலாகும்.

2. குற்றம் என்னும் அடிப்படை

1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மூன்று காரணங்களையே ஏற்கின்றது: விவாகத்தின் பின்னான சோரம், தீயநோக்குடன் கைவிடல், விவாகத்தின்போதே இருந்த குணப்படுத்தவியலாத தாம்பத்திய இயலாமை. இருவரும் ஒருங்கே விரும்புவது இவற்றுள் இல்லை. அடியும் உதையும் இல்லை என்பது அதனினும் மனங்கொளத்தக்கது.

அவ்வாறாயின் அடிபட்டு வீட்டைவிட்டு வெளியேறியவள் என் செய்வாள்? வெளியேறியவள் அவளே; வெளித்தோற்றத்திலே கைவிட்டவளும் அவளே. ஆனால், ஒருவரது நடத்தை மற்றவரை வெளியேற நிர்ப்பந்திக்குமாயின், வெளியேற்றியவரே கைவிட்டவராகக் கருதப்படுவார் என்பது உரோமன் டச்சுச் சட்ட மரபிலே வளர்ந்த கொள்கை. எனவே, அவளது சட்டத்தரணி அவளது வாழ்க்கையை மாற்றிச் சொல்ல வேண்டியவராகின்றார். ‘அவர் என்னை அடித்தார், நான் ஓடினேன்’ என்று அவள் கூறுவது, ‘எதிராளி தீயநோக்குடன் வழக்காளியைக் கைவிட்டார்’ என்று முறைப்பாட்டிலே எழுதப்படுகின்றது. இலக்கிய மாணவரான நமக்கு இது புதியதன்று; அனுபவம் யாதாயினும் திணையும் துறையும் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் செய்யுளிலே துறை பிழைத்தால் உரையாசிரியர் குறை கூறுவார். இங்கு துறை பிழைத்தால் வழக்குத் தோற்கும்.

1977ஆம் ஆண்டிலே சட்டக்கோவைக்குச் செய்யப்பட்ட திருத்தமொன்று, 7 ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தோர் விவாக நீக்கங் கோர இடமளித்தது. குற்றம் என்னும் அடிப்படையை நாம் கடந்துவிட்டோம் எனச் சிலர் கருதினர். ஆயின் 1986ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம், அத்திருத்தம் நடைமுறையைப் பற்றியதேயன்றிக் காரணங்களை மாற்றியதன்று எனத் தீர்த்தது. ஏழாண்டுப் பிரிவின் பின்னரும் குற்றத்தை நிறுவ வேண்டிய நிலையே நீடித்தது.

இவ்விடத்து இளம் மார்க்சின் கருத்தொன்று நினைவுகூரத்தக்கது. 1842ஆம் ஆண்டிலே பிரஷ்ய அரசின் விவாகரத்து மசோதாபற்றி எழுதியபோது, இறந்துபட்ட விவாகத்தை இறந்ததென அறிவிப்பதே நீதிபதியின் பணி என்ற கருத்துப்பட அவர் வாதிட்டார். அதேவேளை, தம்பதியரின் விருப்பத்தை மாத்திரமே பேசுவோர் பிள்ளைகளையும் அவர்தம் சொத்தையும் மறந்துவிடுகின்றனர் என்றும் சுட்டிக்காட்டினார். நமது சட்டமோ இறப்பை அறிவிக்குமுன் கொலைகாரனைத் தேடுகின்றது.

3. வழக்கின் படிமுறை

கணவனோ மனைவியோ தாம் வதியும் பிரதேசத்து மாவட்ட நீதிமன்றத்திலே முறைப்பாட்டைத் தாக்கல் செய்யலாம். சோரம் காரணமாயின், அதற்கு உடந்தையானவரும் பொதுவாக இணை எதிராளியாகச் சேர்க்கப்படல் வேண்டும். எதிராளிக்கு அழைப்பாணை அனுப்பப்படும். அவர் தோன்றி மறுமொழி அளித்தால் விளக்கம் நடைபெறும். தோன்றாவிடின் ஒருதலை விசாரணை. வழக்கு நிலுவையிலிருக்கும் காலத்திற்கு வாழ்க்கைப்படியும் கோரலாம். நீதிமன்றம் திருப்தியுற்றால் முதலிலே இடைக்காலத் தீர்ப்பாணையே வழங்கும். குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது அறுதியாக்கப்படும். அவ்விடைக்காலத்திலே, தம்பதியர் தம்முள் கூடிச் செய்த ஏற்பாடு இது என்றோ, முக்கியமான உண்மை மறைக்கப்பட்டது என்றோ ஒருவர் ஆட்சேபித்தல் கூடும்.

இவ்வாட்சேபத்துக்கு இடம் வைத்திருப்பதிலே ஒரு முரண் உண்டு. சம்மதத்தின் பேரில் பிரிதல் சட்டத்துக்கு உடன்பாடன்று. நடைமுறையிலோ, எதிர்ப்பின்றி முடியும் வழக்குகள் பலவற்றிலே காணி, நகை, பிள்ளைகள், பணம் ஆகியன பற்றிய பேரம் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்துவிடுகின்றது. பின்னர் ஒருவர் சாட்சியமளிக்க, மற்றவர் மௌனமாகின்றார். பல ஆண்டு வாழ்க்கை சில நிமிடச் சாட்சியத்திலே கரைகின்றது. பேரத்திலே வலியவர் எவரோ அவரே பயனடைவர். வருமானமற்ற பெண், விடுதலைக்கு விலையாகத் தனக்குரியவற்றை விட்டுக்கொடுப்பதும் இவ்விடத்திலேதான்.

அன்றாடச் சோற்றுக்கான வழக்கு வேறொரு மன்றத்துக்குரியது. 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றிலே விண்ணப்பிக்க வேண்டும். அடியிலிருந்து பாதுகாப்புக் கோரும் கட்டளையும், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், நீதவான் நீதிமன்றுக்கே உரியது. ஒரே பெண்ணின் ஒரே துன்பம் மூன்று கோவைகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு தவணைக்கும் பேருந்துக் கட்டணமும், இழந்த நாட்கூலியும், சட்டத்தரணிக்கான செலவும் உண்டு. சட்டத்தின் முன் யாவரும் சமம். சட்டத்தின் வாசல்வரை செல்லும் செலவிலே அச்சமத்துவம் இல்லை.

4. காணியும் கையொப்பமும்

குற்றத்தை நிறுவுவதிலே இத்துணை முனைப்பு ஏன்? குற்றமிழைத்தவர் விவாகத்தாற் பெற்ற நன்மைகளை இழப்பார் என்னும் பழைய கொள்கையிலே இதற்கான விடையின் ஒரு பகுதி உளது. குற்றம் ஒழுக்கத்தின் மொழியிலே பேசப்படினும் அதன் பயன் சொத்திலேயே காணப்படுகின்றது.

தேசவழமை ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டு, 1806ஆம் ஆண்டிலே ஆங்கிலேயரால் சட்டவலுப் பெற்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை அது வகைப்படுத்துகின்றது. சீதனம் பெண்ணின் பெயரிலேயே எழுதப்படுவதைக் காட்டி, யாழ்ப்பாணப் பெண் சொத்துரிமை பெற்றவள் எனப் பெருமை பேசுவோர் உளர். ஆயின், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மணமான பெண் தனது அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1923ஆம் ஆண்டிலே மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் இத்தகைய தளையை ஏனைய பெண்கள் பலருக்கு நீக்கியபோது, தேசவழமைக்கு உட்பட்டோர் அதனின்றும் விலக்கப்பட்டனர்.

ஓர் உதாரணங் கொள்வோம். ஆசிரியையொருத்திக்குத் தாய் தந்தையர் நான்கு பரப்புக் காணியும் வீடும் சீதனமாக உறுதி எழுதிக் கொடுத்தனர். ‘டொனேசன்’ என வழங்கும் இனாம் பணம் மாப்பிள்ளை வீட்டாரிடம் கைமாறி, மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாயிற்று. சில ஆண்டுகளின் பின் கணவன் பிரிந்து சென்றான். மகனின் படிப்புக்காகக் காணியில் ஒரு பரப்பை விற்க அவள் நொத்தாரிசிடம் செல்கின்றாள். காணி அவளது, உறுதி அவளது, கையொப்பம் அவனது. இனாம் பணமோ எவ்வுறுதியிலும் இல்லை. ஆகவே நீதிமன்றத்தின் கண்ணுக்கு எளிதிலே தென்படுவதுமில்லை.

இவளுக்கு விவாகரத்து என்பது மறுமணத்துக்கான வழியன்று; தன் காணிக்குத் தானே கையொப்பமிடும் உரிமை. மேற்கூறிய சட்டத்தின் 8ஆம் பிரிவு வேறொரு வழியையும் காட்டுகின்றது. கணவன் கைவிட்டிருந்தாலோ, இருப்பிடம் அறியப்படாவிடினோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றமே அச்சம்மதத்தை வழங்கலாம். இதனை அறியாமலே நீண்ட வழக்கிலே இறங்குவோர் உளர். 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின், கணவன் எங்குளான் என்றறியாத பெண்களுக்கு இப்பிரிவு எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துக் கூற வேண்டுவதில்லை. எனினும், இல்லாத ஆணின் சம்மதத்தை அரசு வழங்குகின்றதேயன்றி, சம்மதம் வேண்டும் என்ற கோட்பாடு தளர்ந்ததில்லை.

5. முடிவாக

விவாக ஒப்பந்தத்திலே இருவரும் சமமாகக் கையொப்பமிட்டமையோடு சட்டம் நிறைவுறுகின்றது என்றும், தொழிலாளியின் ஒப்பந்தத்தைப் போன்று இதிலும் பொருளாதார நிர்ப்பந்தம் மறைந்து நிற்கின்றது என்றும் 1884ஆம் ஆண்டிலே ஏங்கெல்ஸ் விளக்கினார். விவாகத்தின் தொடக்கம்பற்றி அவர் கூறியது அதன் முடிவுக்கும் பொருந்தும். யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வினா. நாளை எவ்வாறு வாழ்வது என்பது அவளது வினா. முதல் வினாவுக்கு விடை கிடைத்த பின்னரும் இரண்டாவது நிற்கின்றது.

எனவே, குற்றத்தை விடுத்து, விவாகம் மீளவியலாதவாறு முறிந்தமையைக் காரணமாக்கும் சீர்திருத்தம் வேண்டற்பாலதே. ஆனால் அது மாத்திரம் போதாது. கணவனின் சம்மதத்தை வேண்டும் பிரிவு நீங்குதலும், தாபரிப்பும் பாதுகாப்பும் பிள்ளைகளின் கட்டுக்காப்பும் ஒரே மன்றிலே விசாரிக்கப்படுதலும் அதனோடு இணைய வேண்டும். அதுவரை, இச்சட்டப் பிரிவுகளை எளிய தமிழிலே கிராமங்கள்தோறும் கொண்டுசெல்லுதல் நம்மனோர்க்கு உடனடியாகச் செய்யத்தக்க பணி. கண்ணகி தன் சிலம்பின் பரலை அறிந்திருந்தமையாலேயே வழக்கை வென்றாள். தன் உறுதியிலே எழுதப்பட்டிருப்பதையும் எழுதப்படாதிருப்பதையும் நமது பெண்கள் அறிதல் வேண்டும்.