யாருடைய பிள்ளையார்?

பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்னதாக, நமது வீட்டுத் திண்ணையில் ஐந்து குழந்தைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு களிமண் பிசைய உட்கார்ந்தோம். விடுமுறை நாட்களில் வீட்டுக் கூச்சலைத் தணிக்க இதைவிடச் சிக்கனமான உபாயம் கிடையாது. ஏரி மண்ணைக் கல்லும் வேரும் நீக்கிப் பிசைந்து, ஓர் இரவு முழுவதும் ஈரத்துணியால் மூடிவைத்திருந்தோம். ஆளுக்கு ஓர் உருண்டை; கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. குன்றிமணி விஷமுள்ளதாகையால், அதை மட்டும் நாமே எண்ணிக் கொடுத்து நாமே பதித்தோம்.

அரைமணி நேரம் வெகு ஆனந்தமாகக் கழிந்தது. பிறகுதான் நாம் அந்தப் பிழையைச் செய்தோம். ஏழு வயதுப் பெண் ஒருத்தி செய்த பிள்ளையாரின் தும்பிக்கை, வயிற்றை விட்டு விலகித் தொங்கிற்று. "கொடு அம்மா, சரிசெய்து தருகிறோம்" என்று வாங்கி, தும்பிக்கையை ஒட்டி, தொப்பையை உருட்டி, காதுகளையும் நிமிர்த்திவைத்தோம். லட்சணமாகத்தான் இருந்தது. குழந்தையோ அதைக் கையால் தொடவில்லை.

"இது உங்கள் பிள்ளையார், மாமா. என் பிள்ளையார் எங்கே?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியாமல் வேறோர் உருண்டை மண்ணை எடுத்துக் கொடுத்தோம்.

கைவேலை கற்பிக்க முன்வரும் பெரியோர் பலருக்கும் இந்த வியாதி உண்டு. பள்ளிக்கூடக் கண்காட்சிகளைப் பாருங்கள்: ஒட்டியிருக்கும் பெயர் குழந்தையுடையது, வேலைப்பாடு தகப்பனாருடையது!

1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் வற்புறுத்தியது என்ன? கைத்தொழில் பாடங்களோடு ஒட்டவைத்த பொழுதுபோக்காக இருத்தலாகாது; அதன் மூலமாகவே கணக்கும் பிறவும் குழந்தைக்கு விளங்கவேண்டும் என்பதே. டாக்டர் ஜாகீர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டி அதற்குப் பாடத்திட்டமும் வகுத்தது. அத்திட்டம் நாடெங்கும் வேரூன்றாமற் போன கதை வேறு. ஆயினும் அதன் உட்கருத்துக்குப் பனையோலைக் காற்றாடி ஒன்றே போதிய சாட்சி.

காய்ந்த ஓலையானால் முதலில் நீரில் ஊறவைக்கவேண்டும். இல்லாவிடில் மடிக்கையில் முறியும். விரலகலத் துண்டுகள் இரண்டைக் குறுக்காகப் பின்னி, நடுவில் கருவேல முள்ளைச் செருகி, அதன் கூர்நுனியைச் சோளத்தட்டையில் பாய்ச்சிவிட்டால் காற்றாடி தயார். ஆனால் முதல் தடவை அநேகமாகச் சுற்றாது. பெரியவர் கையைக் கட்டிக்கொள்ளவேண்டிய இடம் இதுதான். "ஏன் சுற்றவில்லை?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். ஒருவன் முள் இறுகியிருப்பதைக் கண்டு துளையைப் பெரிதாக்குவான். இன்னொருத்தி ஓலை தட்டையாக இருப்பதைக் கவனித்து, நான்கு இதழ்களையும் ஒரே போக்கில் சற்றே திருகிவிடுவாள். மூன்றாமவன் ஒன்றும் யோசியாமல் தெருவில் ஓடிப் பார்ப்பான். அதுவும் ஒரு பரீட்சைதானே!

2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அரவிந்த் குப்தா என்னும் இன்ஜினீயர், தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டே க்ஷேத்திரகணிதம் கற்பித்தவர். டியூப் துண்டுகளால் குச்சிகளை இணைத்தால் சதுரம் நசுங்கும்; முக்கோணம் அசையாமல் நிற்கும். அதைத் தானே அழுத்திப் பார்த்த குழந்தைக்கு வேறு விளக்கம் எதற்கு?

நமது திண்ணைக்குத் திரும்புவோம். இரண்டு பிள்ளையாரும் நிழலில் உலர்ந்தன. புதியதிலும் தும்பிக்கை விலகித்தான் தொங்கிற்று. மூன்றாம் நாள் கிணற்றில் விடும்போது, நாம் திருத்தியதை முதலில் போடச் சொன்னாள் அப்பெண். தன்னுடையதை இன்னும் போடவில்லை.