திருப்பிக் கொடுத்த ‘சர்’

‘சர்’ பட்டத்தை உதறியவர் யார் என்றால் தாகூர் பெயர்தான் எல்லோர் வாயிலும் வரும். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு, 1919 மே மாதம் அவர் அதைச் செய்தார். அதற்கு ஒரு வருடம் முன்பே மயிலாப்பூர்க்காரர் ஒருவர் முந்திக்கொண்டுவிட்டார். அவர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி. ஊருக்கு அவர் மணி ஐயர்.

1842-ல் மதுரையில் பிறந்தவர். அங்கேயே வக்கீலாகப் பெயரெடுத்து, நாற்பது தாண்டிய பிறகுதான் சென்னைக்குக் குடிவந்தார். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸுக்குப் போனார். 1895-ல் சர் தி. முத்துசாமி ஐயர் காலமானதும் அந்த நாற்காலி இவருக்கு வந்தது. 1907 வரை நீதிபதி. தலைமை நீதிபதியாக மூன்று முறை உட்கார்ந்தார், மூன்றும் தற்காலிகம்தான். நிரந்தரமாக உட்காரும் வாய்ப்பு அன்று வெள்ளையருக்கு மட்டுமே.

இத்தனை மரியாதையோடு ஓய்வு பெற்றவர் பென்ஷனும் கடற்காற்றுமாக ‘பீச் ஹவுஸ்’ வீட்டில் இருந்திருக்கலாம். அடையாறு பிரம்மஞான சபைத் தொடர்பு அவரை விடவில்லை. 1916-ல் அந்தச் சபையின் தலைவர் அன்னி பெசன்ட் ஹோம் ரூல் லீக் தொடங்கியபோது ஐயர் அதன் கௌரவத் தலைவரானார். மறுவருடம் ஜூனில் பெசன்டை அரசு காவலில் வைத்தது. சில நாட்களிலேயே, ஜூன் 24 அன்று, 74 வயதுக் கிழவர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார்.

போர்க்காலத் தணிக்கையில் தபாலை நம்ப முடியாது. பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஹாட்ச்னர் தம்பதி அதைக் கையோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அந்நிய மொழி பேசும் அந்நிய அதிகாரிகள் எங்களை ஆள்கிறார்கள், தங்களுக்குத் தாங்களே கொழுத்த சம்பளம் போட்டுக்கொள்கிறார்கள் என்று அதில் அடுக்கியிருந்தார். சுயாட்சி தருவதாக வாக்களித்தால் மூன்று மாதத்தில் ஐம்பது லட்சம் பேர், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் ஐம்பது லட்சம் பேர் போர்முனைக்கு வருவார்கள் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு இது மிகையாகத்தான் படுகிறது. கட்சிக்காரருக்காக வாதாடும் பழைய வக்கீலின் கணக்கு அது.

அந்த ஆண்டு டிசம்பரில் சென்னைக்கு வந்த இந்திய மந்திரி மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டும் கடிதத்துக்காக ஐயரை நேரிலேயே கடிந்துகொண்டார்கள். 1918-ல் விஷயம் லண்டன் பார்லிமென்டுக்குப் போனது. கடிதம் வெட்கக்கேடானது என்றார் மாண்டேகு. வயதானவர், போகட்டும் என்று விட்டுவிடும் தோரணை. அந்தப் பெரிய மனது ஐயருக்குத் தேவைப்படவில்லை. ‘சர்’ போடவைத்த கே.சி.ஐ.இ., திவான் பகதூர் இரண்டு பட்டங்களையும் துறந்துவிட்டார். சர்க்கார் பதவிகளிலேயே வளர்ந்த மனிதருக்கு அது லேசான காரியமல்ல.

1924 டிசம்பரில் அவர் மறைந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தரும் அவர்தான். சேப்பாக்கம் செனட் ஹவுஸ் வளாகத்தில் சிலை இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்கள்.