உஷார்! நீங்களாக நிறுத்தும் மாத்திரை

வீட்டில் பரிசோதித்து இரண்டு கோடு தெரிந்ததுமே, அதுவரை சாப்பிட்டுவந்த மாத்திரையைத் தூக்கி வைத்துவிடும் பெண்கள் ஏராளம். "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு மாத்திரை முழுங்கலாமா?" என்று வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்வார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாரங்கள் ஓடிவிடும். அந்த வாரங்கள்தான் ஆபத்தானவை!

தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தரும் மாத்திரையைப் பாருங்கள். முதல் மூன்று மாதம் கருவுக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் வரவேண்டும். குழந்தையின் சொந்தச் சுரப்பி அதன் பிறகே வேலையைத் தொடங்கும். மூளை உருவாகும் காலமும் அந்த முதல் மூன்று மாதமே. அதனால் கர்ப்பம் உறுதியானதும் டாக்டர்கள் இந்த மாத்திரையின் அளவை 25 முதல் 30 சதவீதம் வரை கூட்டுவது வழக்கம். கூட்டவேண்டிய சமயத்தில் அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும்?

வலிப்பு மாத்திரை இன்னும் சிக்கலானது. சோடியம் வால்புரோயேட் கருவுக்குக் கெடுதல்தான். அதைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. கேட்டதும் பதறி மாத்திரையை வீசத் தோன்றும். வீசாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம். தாய், குழந்தை இருவர் உயிருக்கும் அது ஆபத்து. நரம்பியல் டாக்டரை உடனே பாருங்கள். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே பார்த்து மருந்தை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. பிரஷருக்கு எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் சாப்பிடுபவர்களுக்கும் இப்படித்தான்: இவை குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கட்டாயம் மாற்றவேண்டும். மாற்று மருந்து இல்லாமல் வெறுமனே விட்டுவிடக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. தேவையான மாத்திரைக்கு இவ்வளவு பயப்படும் அதே வீட்டில், இடுப்பு வலி என்றதும் மெடிக்கல் ஷாப்பில் 'வலி மாத்திரை' கேட்டு வாங்கித் தருகிறார்கள். கர்ப்பிணிக்கு என்று சொல்வதுகூட இல்லை. பாராசிட்டமாலை அளவோடு, டாக்டர் சொன்னபடி எடுக்கலாம். ஆனால் கடையில் தரும் அட்டையில் பாராசிட்டமாலோடு அசிக்ளோபெனாக்கோ இபுபுரூபனோ சேர்ந்திருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு அசிக்ளோபெனாக், இபுபுரூபன் வகை மருந்து குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே உள்ள முக்கிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் அபாயமும் உண்டு. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதை ஒருமுறை படியுங்கள்!

பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் இன்னும் கொடியது. இங்கே விதி வேறு: கர்ப்பம் என்று சந்தேகம் வந்தாலே அடுத்த மாத்திரையைத் தொடாமல் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். நாட்டு மருந்து, லேகியம், பத்தியப் பொடி எதுவானாலும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது சுத்தப் பொய். கறுத்துப் போவது மலம் மட்டுமே; பயப்பட ஒன்றுமில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் அந்த மாத்திரையைக் குறைந்தது 180 நாள் சாப்பிடவேண்டும். டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பரிசோதனைக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், எண்ணெய், பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். டாக்டரிடம் உடனே போக முடியாவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அல்லது 104-க்குப் போன் போடுங்கள்.