பைகாரா நீரின் இரண்டு வழிகள்

நீலகிரியின் மேற்குப் புறத்தில், முக்கூர்த்திச் சிகரத்தை அடுத்த புல்வெளிகளிலும் சோலைகளிலும் பெய்யும் மழையைத் திரட்டிக்கொண்டு வரும் பைகாரா, தோதவர் பழங்குடியினருக்குப் புனிதமான ஆறு. பிரிட்டிஷ் காலத்து இஞ்சினீயர்களின் கண்ணுக்கோ அது, ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து விருதாவாக இறங்கிக்கொண்டிருந்த சக்தி. சென்னை ராஜதானியின் நிர்வாக சபையில் சட்ட அங்கத்தினராக இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர் ஊக்கத்தோடு முன்னெடுத்த திட்டம், 1932-33இல் மலையடிவாரத்துச் சிங்காராவில் மின்சாரமாக வெளிப்பட்டது. கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகியதற்குப் பைகாரா கரண்டு ஒரு பிரதான காரணம்.

யந்திரத்தின் சூட்சுமம் உயரத்தில் இருக்கிறது. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டி அளவான ஆயிரம் லிட்டர் நீர் 900 மீட்டர் விழுந்தால், சேதாரம் போக, சுமார் 2 யூனிட் கிடைக்கும்; அதே நீர் முப்பது மீட்டர் விழுந்தால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கும் தேறாது. மலைமேலுள்ள கிளன்மார்கனிலிருந்து, பென்ஸ்டாக் என்று மின்வாரியத்தார் சொல்லும் எஃகுக் குழாய்களில் இறங்கும் நீர், அடிவாரத்தில் ஒரு சிறு வாய் வழியே மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பீறிட்டு, விளிம்பெல்லாம் இரட்டைக் கரண்டிகள் பொருத்தியது போன்ற பெல்டன் சக்கரத்தை அறைகிறது. அறைந்த மறுகணமே வேகமெல்லாம் ஒடுங்கி, சாதுவான வாய்க்கால் நீராகக் கீழே வடிந்துவிடுகிறது.

புகையில்லை, சாம்பலில்லை, நீரும் செலவாவதில்லை என்று இத்தகைய நிலையங்களைப் புகழ்வது வழக்கம். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் செலவாகாத அந்த நீரின் இடமும் நேரமும் மாறிவிடுகின்றன என்பதை அந்தப் புகழுரை சொல்வதில்லை. குழாய்க்குள் திருப்பிய நீர் ஆற்றின் பழைய வழிக்கு நஷ்டம். பைகாரா அருவி வறண்ட மாதங்களில் நூலாக இளைத்துவிடுவதைச் சுற்றுலா வந்தவர்களே பார்த்திருப்பார்கள். மின்தேவை உச்சத்தை எட்டும் மாலை வேளையில் யந்திரங்கள் ஓடினால் கீழே நீர் பெருகும், நிறுத்தினால் வடியும். பருவத்துக்குப் பழகிய மீனும் கல்லடிப் பூச்சியும் கடிகாரத்துக்குப் பழக வேண்டியிருக்கிறது. மேலேயோ, பஞ்சு போல் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாகக் கசியவிடும் புல்வெளிகளிலும் சோலைகளிலும் ஒரு பகுதி, பைகாராவிலும் பிற்பாடு வந்த குந்தா திட்டத்திலும், நீர்த்தேக்கங்களின் அடியில் போய்விட்டது.

கிளன்மார்கனிலிருந்து சிங்காராவுக்கு மின்வாரிய ஊழியர்கள் போய்வரும் விஞ்ச் என்னும் இழுவை வண்டி ஒன்று உண்டு. அதில் இறங்குபவர் சோலையின் குளிரை மேலே விட்டுவிட்டு, சற்று நேரத்துக்கெல்லாம் முட்புதர் மண்டிய மழைமறைவுப் பிரதேசத்தில் கால் வைக்கிறார். மசினகுடியைச் சுற்றிய இந்த வறண்ட காடுதான் யானைகளின் ராஜபாட்டை. சிங்காராவில் சக்கரம் சுற்றிய நீர் மரவகண்டி அணைக்கும், அங்கிருந்து 1950களில் எழுந்த மாயாறு மின்நிலையத்துக்கும் போகும் கால்வாய் இந்தப் பாட்டையின் குறுக்கேதான் செல்கிறது. குட்டியோடு வரும் கூட்டம் கால்வாயையோ குழாயையோ கண்டு தயங்கி, அதன் ஓரமாகவே நடந்து, கடக்க ஓரிடம் தேட வேண்டும். செங்குத்தான கரையில் தவறி விழுந்த விலங்குக்கு ஏறிவரப் பிடிமானம் கிடையாது.

2005இல் இதே வட்டாரத்தில் பூமிக்கடியில் 150 மெகாவாட் நிலையம் ஒன்று சேர்ந்தது. அதன் அருகே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க விஞ்ஞானிகள் விரும்பியபோது, புலிகள் காப்பகமும் யானை வழித்தடமும் பாதிக்கப்படும் என்று 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சம்மதிக்க மறுத்துவிட, அவர்கள் போடி மலைப் பக்கம் போனார்கள்.

ஆயினும் இந்தப் பைகாரா நீரை முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் எனக்கு மனம் வரவில்லை. சித்திரை வெயிலில் சுற்றுவட்டாரத்து ஓடைகளெல்லாம் மணலாய்க் கிடக்கையில், மானும் காட்டெருதும் யானையும் தாகம் தீர்க்க இறங்குவது அந்த மரவகண்டி நீர்த்தேக்கத்தில்தான்.