ராமாயணம் கிடைச்சுது... மாமனார் கிடைக்கலையே!

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது, 1987ல். அப்போது எங்க தெருவுக்கே ஒரே டிவி, எங்க வீட்டு சாலிடர் டிவி தான். மாங்காய் விற்ற காசில், மாமனார் வாங்கியது. மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு. ஆன்டெனாவை பெங்களூரு பக்கம் திருப்பினால் தான் படம் வரும். காத்தடித்தால் போச்சு; யாராவது மாடியேறி திருப்பணும். 'வருதா... வருதா?' என்ற குரலை மறக்கவே முடியாது!

அந்த ஆண்டு ஜனவரி 25ம் தேதி தான், ராமானந்த் சாகரின், 'ராமாயணம்' ஆரம்பித்தது. ஞாயிறு காலை, தெருவே எங்க கூடத்தில் இருக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற ஊர் இது; ஆனால், ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. கதை தெரிந்தது, அது போதாதா!

என் மாமியாருக்கு இப்போது 80 வயதாகிறது. போன மாதம் காய்ச்சலில் படுத்தவர், எழுந்த பின்னும் யாரிடமும் பேசாமல், சுவரையே பார்த்தபடி இருந்தார். ஏழாவது படிக்கும் என் பேத்தி தான், 'அவ்வாவுக்கு பழைய டிவி சீரியல் போட்டுக் காட்டலாம் பாட்டி' என்றாள். பிரசார் பாரதி, 2024 நவம்பரில் ஆரம்பித்த, 'வேவ்ஸ்' ஆப்பில், 'ராமாயணம்' இருந்தது. சன் டிவியில் வந்த, 'மர்மதேசம்' தொடரை, கவிதாலயா நிறுவனமே, யு டியூபில் போட்டிருக்கிறது. 'விடாது கருப்பு' பார்த்து, பேத்தி என் மடியில் முகம் புதைத்தாள். மாமியார் வாய்விட்டு சிரித்தார்.

மறுநாள் மெல்ல, 'ஏம்மா, உங்க மாமா வந்ததும் அந்த போன்ல வருமா?' என்றார். எனக்கு, 'சுரீர்' என்றது.

ஒருமுறை, விவசாய நிகழ்ச்சிக்காக, எங்க மாந்தோப்பை படம் பிடித்துப் போனார்கள். அதில் மாமனார், இரண்டு நிமிடம் பேசினார். ஒளிபரப்பான அன்று, வீடு கொள்ளாத கூட்டம். அத்தனை பேருக்கும் காபி போட, மாமியாரும், நானும் அடுப்படியில் நின்றோம். 'வந்துட்டாரு, வந்துட்டாரு' என்று சத்தம் கேட்டு, ஈரக்கையோடு ஓடி வந்தால், அடுத்த பாட்டு ஓடிக் கொண்டிருந்தது. 'மறுபடி போடுவாங்கன்னு நெனச்சேன் கண்ணு' என்றார், மாமியார். போடவே இல்லை. மாமனாரும் போய்ச் சேர்ந்து, 20 ஆண்டாகிறது.

பேத்தி, இரண்டு நாள் தேடினாள்; கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம் என்பதால், ஒன்றை அழித்து, அதிலேயே அடுத்ததை பதிவு செய்யும் வழக்கம், பல நாட்டு டிவி நிலையங்களில் இருந்ததாம். லண்டன் பி.பி.சி.,யே, 1960களில் எடுத்த, 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளை, இப்படி இழந்திருக்கிறது. பெரிய தொடருக்கே அந்த கதி என்றால், வேப்பனப்பள்ளி விவசாயியின் இரண்டு நிமிடம் எந்த மூலைக்கு!

'கிடைக்கலை அத்தை' என்றேன். 'போகட்டும் விடு, எனக்குத் தெரியாதா அவர் குரலு...' என்றவர், அவர் பேசுவது போலவே, மாமரத்துக்கு எப்போது தண்ணி கட்டணும், எப்போது நிறுத்தணும் என்று சொல்ல ஆரம்பித்து விட்டார். பேத்தி, சட்டென போனை எடுத்து, அதை அப்படியே வீடியோ பிடித்தாள். பத்து நிமிடம் ஓடுகிறது. ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, இரவு 12:00 மணிக்கு வந்த என் மகன், அதைப் பார்த்து, சாப்பிடாமலேயே உட்கார்ந்து விட்டான்.

சகோதரிகளே... பழைய சீரியலை யாராவது பத்திரப்படுத்துவர். நம் வீட்டுப் பெரியவர்களை, நாம் தான் பத்திரப்படுத்தணும். பரணில் கல்யாண வீடியோ கேசட் கிடந்தால், பூஞ்சை பிடித்து வீணாகும் முன், ஸ்டுடியோவில் கொடுத்து, பென் டிரைவில் மாற்றி வையுங்கள். பெரியவர்கள் பேசும்போது, போனில் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று... வீட்டில் எல்லாரும் எதையாவது பார்க்கும்போது, காபி பிறகு போடலாம். நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்!

— ஒரு வாசகி, வேப்பனப்பள்ளி.